வீட்டை விட்டு நகராமல் தாவோ வழியில் தனிமை: எப்படிப் பழகுவது?

நடைபாதை கேட்டது:

பழைய சீன ஞானி லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் நூலை இரண்டு மொழிபெயர்ப்புகளில் படித்தாயிற்று. நீரைப் போல இரு, வெறுமையைப் பேணு, செய்யாமல் செய் என்கிற வரிகளெல்லாம் படிக்கும்போது நெஞ்சில் தைக்கின்றன. புத்தகத்தை மூடி வைத்ததும் அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. யோகத்தில் ஆசனம், பிராணாயாமம் என்று கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. ஜென்னிலும் உட்காரும் முறை உண்டு. தாவோவில் அப்படி எழுதி வைத்த பயிற்சி இருக்கிறதா, இல்லை எல்லாமே கவிதைதானா?

இரண்டறை வீட்டில் நாலு பேர், கூடத்தில் டிவி, பகல் முழுக்க ஃபோன் அடிக்கிற வேலை என்கிற நிலைமைக்குத்தான் கேட்கிறேன். மலைக்கோ ஆசிரமத்துக்கோ போக வழியில்லை. நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம். உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் எண்ணம் அலைகிறது, அடுத்த பத்து நிமிடம் தூக்கம் தள்ளுகிறது. எங்கே தப்பு?

மூங்கில்வேலி:

எழுதி வைத்த பயிற்சி தாராளமாக உண்டு. லாவோ ட்சுவில் தேடினால் குறிப்புகள்தான் கிடைக்கும். தாவோ மரபின் இன்னொரு மூலவரான ஜுவாங்ட்சுவின் பெயரிலேயே வழங்கும் நூலில் தேடுங்கள்.

அதன் நான்காம் அத்தியாயத்தில் வருவது ‘ஷின் ஜாய்’, அதாவது மன நோன்பு. யான் ஹுய் என்கிற சீடன் ஒரு கொடுங்கோல் அரசனைத் திருத்தக் கிளம்புகிறான். முதலில் நோன்பு இரு என்கிறார் கன்ஃபூசியஸ். (தன் கருத்துகளை அவர் வாயால் பேசவைப்பது ஜுவாங்ட்சுவின் வழக்கம்.) எங்கள் வீடு ஏழை வீடு, மாதக்கணக்கில் மதுவும் கறியும் தொடவில்லை, அது போதாதா என்று கேட்கிறான். அது பூசைக்கு இருக்கிற நோன்பு, நான் சொல்வது மனத்துக்கு என்கிறார். பிறகு முறையைச் சொல்கிறார்: காதால் கேட்காதே, மனத்தால் கேள். மனத்தாலும் கேட்காதே, உயிர்மூச்சால் கேள். காது ஒலியோடு நின்றுவிடும், மனம் தனக்குத் தெரிந்ததோடு பொருத்திப் பார்த்து நின்றுவிடும், உயிர்மூச்சுதான் வெறுமையாக இருந்து வருவதை ஏற்கும். இங்கே உயிர்மூச்சு என்று நான் எழுதும் சீனச் சொல் காற்று, மூச்சு, உயிர்ச்சக்தி மூன்றையும் சேர்த்துக் குறிப்பது.

உங்கள் முதல் பத்து நிமிடத்துக்கும் அதே பகுதியில் ஒரு பெயர் இருக்கிறது: ‘ட்சுவோ சி’, உட்கார்ந்தபடியே ஓடுவது. உடம்பு பாயில், மனம் குதிரை மேல். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே பெயர் வைக்கிற அளவுக்கு இது எல்லாருக்கும் வருகிற சங்கடம்.

ஆறாம் அத்தியாயத்தில் ‘ட்சுவோ வாங்’ வருகிறது, உட்கார்ந்து மறத்தல். கைகால் என்கிற நினைப்பை உதிர்த்து, கண் காதின் கெட்டிக்காரத்தனத்தை ஒதுக்கி, அறிவையும் விட்டுவிடுவது. இதைப் படிப்படியாக விளக்கியவர் சிமா செங்ஜென் (647–735). டாங் அரச வம்சக் காலத்தவர், தியான்தாய் மலையில் வாழ்ந்தவர், ஷாங்சிங் என்கிற தாவோ மரபின் தலைமைக் குரு. அவருடைய ‘ட்சுவோ வாங் லுன்’ என்கிற நூல் ஏழு படிகள் சொல்கிறது: மதிப்பும் நம்பிக்கையும், ஒட்டுகளை அறுத்தல், மனத்தைத் திரட்டுதல், காரியங்களைக் குறைத்தல், உள்ளபடி பார்த்தல், ஆழ்ந்த நிலைபேறு, தாவோவை அடைதல்.

வீட்டில் இருப்பவர் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய படிகளில் வருஷக்கணக்கில் தங்கினாலே போதும் என்பது என் கருத்து. ஐந்துக்கு மேல் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

ஒட்டுகளை அறுப்பது என்றதும் குடும்பத்தை விடச் சொல்கிறார் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அவர் தரும் உதாரணங்களைப் பாருங்கள். தன் திறமையைக் காட்டி ஆள் சேர்ப்பது, வாழ்த்துக்கும் துக்கத்துக்கும் கணக்குப் பார்த்துப் போய்வருவது, துறவி வேஷம் போட்டுக்கொண்டே பதவி உயர்வுக்கு ஏங்குவது, நாளைக்கு உதவுவார் என்று விருந்து வைப்பது. அறுக்க வேண்டியது உறவை அல்ல, உறவுக்குள் ஒளிந்திருக்கும் பேரத்தை.

மூன்றாவது உதாரணத்தை அவர் நேரிலேயே பார்த்தார். அரசன் அழைத்துத் தலைநகருக்கு வந்து மலைக்குத் திரும்பும்போது, லூ ட்சாங்யோங் என்கிற அதிகாரி ஜோங்நான் மலையைக் காட்டி, இங்கேயே நல்ல இடமெல்லாம் இருக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம் என்றார். அந்த அதிகாரி தலைநகரை ஒட்டிய அதே மலையில் துறவியாக இருந்து பெயர் வாங்கிப் பதவிக்கு வந்தவர். என் கண்ணுக்கு அது பதவிக்குப் போகும் குறுக்கு வழியாகத் தெரிகிறது என்றார் சிமா. ‘ஜோங்நான் குறுக்கு வழி’ இன்றும் சீன மொழியில் வழங்கும் சொலவடை. மலைக்குப் போக முடியவில்லையே என்று நீங்கள் வருந்துவதால் இதைச் சொல்கிறேன். மலை தனிமையைத் தந்துவிடும் என்று அந்த மரபே நம்பவில்லை.

மனத்தைத் திரட்டுவதில் நேரும் தவறுகள் நான்கு என்கிறார்.

வெறுமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது முதலாவது. பிடித்துக்கொண்டாலே அங்கே ஒரு பொருள் வந்துவிட்டது, வெறுமை போய்விட்டது. எழுகிற எண்ணம் எல்லாவற்றையும் நல்லது கெட்டது பாராமல் அடித்து நசுக்குவது இரண்டாவது. உணர்வே மழுங்கிப்போகும் இதைக் ‘குருட்டு நிலை’ என்கிறார். மூன்றாவது, எழுந்தபடி எழட்டும் என்று முழுக்க அவிழ்த்து விடுவது. அப்படியானால் உட்காராதவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை. நல்லதையும் நினைக்கவில்லை, கெட்டதையும் நினைக்கவில்லை என்று மிதந்துகொண்டே, தானாக அடங்கும் எனக் காத்திருப்பது நான்காவது.

உங்கள் முதல் பத்து நிமிடம் மூன்றாவது தவறு. பின்னால் வரும் தூக்கம் பெரும்பாலும் நான்காவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மனம் திரும்பி வந்து உட்கார ஒரு கிளை வேண்டும். பருந்து காட்டுப் பறவை, ஆனால் காலில் கயிறு கட்டி நாளெல்லாம் கையில் வைத்திருந்தால் பழகிவிடுகிறது. மாடும் குதிரையும் வீட்டு விலங்குகள், அவிழ்த்து விட்டால் முரடாகிவிடுகின்றன. இதுவும் அவர் சொன்ன உவமைதான்.

கல்தொட்டி:

மேலே சொன்ன ‘கிளை’க்கு எளிதானது மூச்சைக் கேட்பது. ஜுவாங்ட்சுவின் அந்த மன நோன்புப் பகுதியையே படிகளாகப் பிரித்து, நரம்புத் தளர்ச்சியும் தூக்கமின்மையும் உள்ளவர்களுக்குச் சொன்னவர் சென் யிங்நிங் (1880–1969). பிற்காலத்தில் சீன தாவோ சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். எண்ணுவதில்லை, இழுத்துப் பிடிப்பதில்லை, வயிற்றில் எங்கேயும் மனத்தை நிறுத்துவதில்லை. தன் மூச்சைத் தானே கேட்பது, அவ்வளவுதான். மூச்சுக்கு ஓசை இருக்காது. ஓசை கேட்டால் மூச்சு முரடாக இருக்கிறது என்று பொருள். வேகமா மெதுவா, ஆழமா மேலோட்டமா என்று தெரிந்துகொண்டே இருப்பதைத்தான் கேட்பது என்கிறார்.

இருபது நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள்.

முதல் 3 நிமிடம் நின்றபடி. பாதங்களைத் தோளகலம் வைத்து, விரல்களைக் கோத்து, உள்ளங்கை வானம் பார்க்கத் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், 8 தடவை. பாதுவான்ஜின் என்கிற எட்டு அசைவுத் தொடரின் முதல் அசைவு இது. விலா எலும்புகளுக்கு நடுவே இறுக்கம் தளர்ந்தால் பிறகு மூச்சு தானாக இறங்கும். நேரே போய் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடம் உடம்போடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

அடுத்த 14 நிமிடம் உட்கார்ந்து கேட்பது. சம்மணம் என்றால் பிட்டத்தின் கீழ் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மடித்த போர்வை வையுங்கள். இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு வளையும், நெஞ்சு ஒடுங்கும், கால் மரத்துப்போகும். நாற்காலி ஆனாலும் குறைச்சல் இல்லை. இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, முதுகைச் சாய்க்காமல், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படட்டும். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும். கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடிவயிற்றருகே.

கண்தான் முக்கியம். சீனத்தில் ‘திரையை இறக்குவது’ என்பார்கள். இமையை முழுக்க மூடாமல், கீழே ஒரு கீற்று வெளிச்சம் தெரிகிற அளவு விடுவது. முழுக்க மூடினால் தூக்கம், முழுக்கத் திறந்தால் அலைச்சல். தூக்கம் வருகிறபோது கீற்றைக் கொஞ்சம் பெரிசாக்குங்கள், மனம் துள்ளுகிறபோது சின்னதாக்குங்கள். அதற்கும் தூக்கம் அடங்காவிட்டால் எழுந்து 20 அடி நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். தூக்கத்தோடு போராடி உட்கார்ந்திருப்பதில் பயனே இல்லை. இரவு தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு மட்டும் நேர்மாறு: தூங்கிப்போனால் போகட்டும், அதுவே சிகிச்சை என்பது சென் யிங்நிங்கின் கருத்து.

கடைசி 3 நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. அலாரம் அடித்ததும் ஃபோனை எடுப்பதுதான் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். உள்ளங்கைகளை 36 தடவை தேய்த்துச் சூடேற்றி, கண்ணில் ஒற்றி, முகத்தை மேலும் கீழும் வழித்து, கணுக்காலைச் சுழற்றி, பிறகு எழுந்திருங்கள். 36 என்பது மரபுக் கணக்கு. சூடு வந்தால் சரி.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்தால் தூக்கம் வராமல் என்ன வரும்? மின்விசிறிக் காற்று நேராக முதுகில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முழங்கால் மேல் ஒரு துண்டு போடுங்கள்.

ஆற்றுமணல்:

செய்யாமல் செய்வது பற்றி ஒரு சொல். ‘வூ வெய்’ என்றதும் நம் ஊரில் “சும்மா இரு” ஞாபகம் வருவது இயற்கை. இரண்டும் ஒன்றல்ல. சும்மா இருப்பது பெரும்பாலும் ஒடுங்கும் திசை. ஜுவாங்ட்சுவின் வூ வெய் கையில் கத்தியோடு நிற்கிறது.

மூன்றாம் அத்தியாயத்துச் சமையற்காரர் திங் மாடு அறுப்பவர். சாதாரணச் சமையற்காரன் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறான், நல்லவன் வருஷத்துக்கு ஒன்று. இவர் கத்தி 19 வருஷமாக, ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் பிறகும், சாணையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கிறது. மூட்டுக்குள் இடைவெளி இருக்கிறது, கத்தி முனைக்குத் தடிமனே இல்லை, அதனால் உள்ளே தாராளமாக இடம் என்கிறார். எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியைப் பாருங்கள். சிக்கலான மூட்டு வந்தால் எனக்கு அச்சம் வருகிறது, பார்வை அங்கே நிற்கிறது, கை மெதுவாகிறது, கத்தி மிகச் சிறிதாக அசைகிறது என்கிறார். அவருக்கும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகவில்லை. கடினம் வந்த இடத்தில் பலத்தைக் கூட்டாமல் வேகத்தைக் குறைக்கிறார்.

இதைப் பழக ஒரு கை வேலை போதும். பாத்திரம் துலக்குவதோ வெங்காயம் நறுக்குவதோ, தினமும் ஒரே வேலை, 10 நிமிடம், பாட்டும் ஃபோனும் இல்லாமல். பிடியைக் கவனியுங்கள். கத்தியையோ கம்பி நாரையோ தேவைக்கு இரண்டு மடங்கு இறுக்கித்தான் எல்லாரும் பிடிக்கிறோம். பாதியாகத் தளர்த்துங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், இறக்குங்கள். வேலை சிக்குகிற இடத்தில் பல்லைக் கடிக்காமல் மெதுவாகப் போங்கள். தனியறை இல்லாத வீட்டில் அடுக்களைத் தொட்டியருகே நிற்கிறவரை யாரும் வலிய வந்து கூப்பிடுவதில்லை என்பது கூடுதல் வசதி.

நடைபாதை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மூச்சைக் கேட்க ஆரம்பித்ததும் மூச்சு இயல்பாக இல்லை, நானே இழுத்து விடுவது போல ஆகிவிடுகிறது, நெஞ்சு கனக்கிறது. அடுத்தது, டிவி சத்தம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

கல்தொட்டி:

நெஞ்சு கனப்பது கவனம் கூடிப்போனதால். கூர்ந்து கேட்கிறீர்கள், அது மூச்சுத் தசைகளை இறுக்குகிறது. உள்ளே வரும் மூச்சைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். வெளியே போவதை மட்டும் கேளுங்கள், அதுவும் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறதா என்று பார்க்கிற அளவுக்கு. இரண்டு மூன்று நிமிடத்தில் தசை தளரும். அப்படியும் கனம் நீடித்தால் அன்றைக்கு மூச்சை விட்டுவிட்டு, உள்ளங்கையின் வெதுவெதுப்பை மட்டும் உணர்ந்திருங்கள்.

இன்னொன்று. இணையத்தில் உயிர்மூச்சை முதுகுத்தண்டு வழியாகத் தலைக்கு ஏற்றும் பயிற்சிகளும், மூச்சை அடக்கிச் சேமிக்கும் பயிற்சிகளும் தாவோ என்ற பெயரில் கிடைக்கின்றன. ஆள் பக்கத்தில் இல்லாமல் தொடவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். இதில் தவறிப்போவதைச் சீனர்கள் ‘நெருப்பு தடம் மாறிப் பேய் புகுந்தது’ என்பார்கள். 1994இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டிலேயே சிகோங் என்கிற சீன மூச்சுப் பயிற்சியை ஒட்டி வரும் மனக்குழப்பம் தனிப் பெயரோடு இடம்பெற்றது. தலையில் அழுத்தம், ஒலிகள் கேட்பது, இரண்டு மூன்று நாள் தூக்கமே வராமல் உற்சாகம் பொங்குவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்பே மனநோய்க்கு மருந்து எடுப்பவர் அவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

மூங்கில்வேலி:

சத்தத்துக்குப் பதில் சிமா செங்ஜெனிடமே இருக்கிறது. இரைச்சலில் இருந்தும் வெறுப்பு வராமல், காரியத்தில் இறங்கியும் சலிப்பு வராமல் இருந்தால் அதுதான் உண்மையான நிலைபேறு என்கிறார். உடனே ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறார்: சலிப்பு வரவில்லை என்பதற்காக வேலைகளைத் தேடிப் போகாதே, வெறுப்பு வரவில்லை என்பதற்காக இரைச்சலுக்குள் வலியப் போய் உட்காராதே. ஆகவே கதவைச் சாத்த முடிந்தால் சாத்துங்கள். பஞ்சு வேண்டாம். காதை அடைத்தால் உள்ளே இதயத் துடிப்பும் எச்சில் விழுங்குவதும் பெரிதாகக் கேட்டு மூச்சைக் கெடுக்கும். டிவியை ஒலியாக மட்டும் விட்டுவிடுங்கள். வசனத்தின் பொருளைத் தொடர்வதுதான் மனத்தை இழுக்கிறது, அதன் ஒலி இழுப்பதில்லை. காதால் கேட்காதே என்ற வரிக்கு வீட்டில் இதுதான் முதல் பாடம்.

427இல் மறைந்த கவிஞர் தாவ் யுவான்மிங்கின் கேள்வியும் இதேதான். மனிதர் நடுவே குடிசை கட்டியிருக்கிறேன், வண்டி குதிரைச் சத்தம் இல்லை, எப்படி என்று கேட்டுக்கொண்டு, மனம் தொலைவில் இருந்தால் இடம் தானாக ஒதுங்கிவிடுகிறது என்று பதில் சொல்கிறார். அவர் மலைத் துறவி அல்ல. 405இல் பெங்ட்சே ஊர் அதிகாரி வேலையை எண்பது சொச்சம் நாளில் விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பிய, மனைவி மக்களோடு வாழ்ந்த மனிதர்.

உட்காருவதை மட்டுமே பயிற்சி என்று எண்ண வேண்டாம். சுவான்ஜென் என்கிற தாவோ மரபைத் தொடங்கிய வாங் சோங்யாங் (1113–1170) ஜோங்நான் மலையடியில் தனக்குத்தானே கல்லறை தோண்டி அதற்குள் சில ஆண்டுகள் இருந்தவர். அவ்வளவு கடுமையான தனிமையைப் பார்த்தவர் தன் சீடர்களுக்கு எழுதிய பதினைந்து விதிகளில், கண்ணை மூடி நிமிர்ந்து உட்காருவது பொய் உட்காரல் என்கிறார். நடக்கையிலும் நிற்கையிலும் படுக்கையிலும் நாளின் பன்னிரண்டு பொழுதும் மனம் மலைபோல் அசையாதிருப்பதுதான் மெய் உட்காரலாம். (சீனக் கணக்கில் ஒரு பொழுது இரண்டு மணி நேரம்.) துணை பற்றியும் ஒரு விதி உண்டு: ஆளைத் தேர்ந்து பிறகு சேர், சேர்ந்த பிறகு ஆளைத் தேராதே.

பனங்கிழங்கு:

யாரும் நான்காம் படிக்குப் போகவில்லை, காரியங்களைக் குறைத்தல். இருபது நிமிடத்தை விட மீதிப் பகல்தான் கனமானது, அதனால் இதை விட்டுவிடக் கூடாது.

தாவோ தே ஜிங் 48ஆம் அத்தியாயம்: கற்பவன் நாளுக்கு நாள் கூட்டுகிறான், தாவோ வழியில் போகிறவன் நாளுக்கு நாள் குறைக்கிறான், குறைத்ததையும் குறைத்து வூ வெய்க்கு வருகிறான். 1993இல் சீனாவின் குவோதியன் கல்லறையில் எடுத்த, ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்த மூங்கில் சுவடிகளிலேயே இந்த வரிகள் இருக்கின்றன.

இதைச் செய்பவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்தை நிறுத்துவது. செவ்வாய்க்கிழமை பத்தும் திரும்பி வரும். அதுவே ஒரு ‘செயல்’ ஆகிவிடுகிறது, வூ வெய்க்கு எதிர்த்திசை. ஒரு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. முதல் வாரம் எழுந்து அரை மணி நேரத்துக்கு ஃபோனைத் தொடாமலிருப்பது. இரண்டாம் வாரம் வாட்ஸப் குழுக்களின் ஒலியை அணைப்பது, குழுவை விட்டு வெளியேற வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் சாப்பாட்டில் திரை இல்லாமல் இருப்பது. கழித்த இடத்தில் வேறொன்றை வைக்காதீர்கள், தியானச் செயலியைக்கூட. பதினோராம் அத்தியாயத்தில் முப்பது ஆரக்கால் சேரும் சக்கரக் குடத்தின் நடுவே உள்ள வெறும் துளையால்தான் வண்டி ஓடுகிறது என்று வருகிறதே, அந்தத் துளையை அடைத்தால் அச்சு எங்கே போகும்?

முதல் சில நாள் அந்த அரை மணி நேரம் அமைதியாக இருக்காது, எரிச்சலாக இருக்கும். கலங்கிய நீரைச் சும்மா விட்டு மெல்லத் தெளியவைக்க யாரால் முடியும் என்று பதினைந்தாம் அத்தியாயம் கேட்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் தோட்டத்து மண்ணை ஒரு கரண்டி கலக்கி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மணல் சில நொடிகளில் அடியில் விழும். அதற்கு மேல் வண்டல் மெல்ல மெல்லப் படியும். களிமண் மட்டும் மணிக்கணக்கில் பால் போல் மிதக்கும். நடுவில் தெளிந்ததா என்று கரண்டி விட்டுப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அன்றாடச் சச்சரவு மணல், உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் இறங்கிவிடும். பழைய மனத்தாங்கல் களிமண், பதினாலு நிமிடத்தில் தெளியாது. தெளியவில்லை என்பதால் முறை தப்பு என்று மாற்றாதீர்கள்.

முறையை மாற்றுவதானால் குறைந்தது நூறு நாள் கழித்து மாற்றுங்கள். உள்பயிற்சிக்குத் தாவோ மரபில் அடித்தளம் போட வழக்கமாகச் சொல்கிற கணக்கு அதுதான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்டவும் வேண்டாம், அதே இருபதுதான்.